பூச்சி ஒரு பாடு, மனுஷர் பெரும் பாடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் ஓர் ஏலாவில் (அடுத்தடுத்து வயல்களாக இருக்கிற வெளி) எங்களுக்கு அறுபது சென்ட் வயல். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான விளை. அதில் தென்னை, நடுவில் வாழை, மரங்களில் படர்ந்த நல்லமிளகுக் கொடி, மீதி இடத்தில் மரச்சீனி (மரவள்ளி), சேனை, காச்சில் கிழங்கு. வீட்டுப் புரையிடத்தில் இரண்டு பசு, கொஞ்சம் கோழி. இவ்வளவுதான் சொத்து. ஓகிப் புயல் வந்த 2017க்குச் சற்று முன்னாலிருந்தே இதில் எதிலும் ரசாயன உரமோ பூச்சி மருந்தோ போடுவதில்லை.

"நானும் இயற்கை விவசாயத்துல இறங்கலாம்னு இருக்கேன் மைனி" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது பூச்சியைப் பற்றித்தான். புழு வந்தால் என்ன அடிப்பது, கருகல் வந்தால் என்ன தெளிப்பது. அதற்கெல்லாம் பதில் இருக்கிறது; பயிற்சி வகுப்புகளிலும் சொல்லித் தருகிறார்கள். மேல் வயல்காரர், களை பறிக்கிற ஆள், நெல் குத்துகிற மில், கமிஷன் கடை, வாங்குகிறவர் என்ற ஐந்து பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்குப் பாடாக அமைந்தது இவர்கள்தான். அதனால் பயிர் விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு இவர்களிடம் வருகிறேன்.

எங்கள் பக்கம் நெல்லுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். பேச்சிப்பாறை அணை வழக்கமாக ஜூன் 1ல் திறந்து பிப்ரவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள். அந்தக் கணக்கில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் முடிந்துவிடும். சித்திரையில் விழும் கோடை மழையை நம்பி, அணை திறப்பதற்கு முன்பே தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துவிடுவது நான் செய்வதிலேயே பிரயோசனமான வேலை. ஏக்கருக்கு 20 கிலோ விதை. 40, 45 நாளில், பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் தண்டு இன்னும் இளசாக இருக்கும், சீக்கிரம் மக்கும். அதற்கு மேல் விட்டால் தண்டு முற்றி, நடவு நடும்போது காலைக் குத்தும். நடுகிற அக்காமார் அப்புறம் நம் வயல் பக்கமே வரமாட்டார்கள்.

மண்ணில் ஊற்றுகிற ஜீவாமிர்தக் கரைசல் பற்றி ஒரு வார்த்தை. 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் என்ற கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். நானும் விடுகிறேன். ஆனால் மக்கிய தழை எரு இல்லாத மண்ணில் இதை எத்தனை முறை ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. முதலில் தழையும் எருவும் மண்ணுக்குள் போக வேண்டும். அதைச் செய்யாமல் டிரம்மை மட்டும் கலக்கிக்கொண்டிருப்பவர்கள்தான் இரண்டாவது வருஷத்தில் "இதெல்லாம் ஏமாத்து வேலை" என்று சொல்லிவிட்டு யூரியா மூட்டை வாங்கப் போகிறார்கள்.

நம் மாவட்டத்தில் கடல் பக்கத்தில் இருப்பது ஒரு கொடுப்பினை. குளச்சல், முட்டம் பக்கமிருந்து வருகிற மீன்காரரிடம் சொல்லிவைத்தால் சாளை (மத்தி) மீனின் தலையும் குடலும் வாளி வாளியாகக் கிடைக்கும். அதே எடை வெல்லம் சேர்த்து மூடி, நிழலில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் பயிருக்கு ஊட்டமான மீன் அமிலம் தயார். 10 லிட்டர் தெளிப்பு டாங்குக்கு 100 மில்லிக்கு மேல் தேவையில்லை. மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் தெருப் பூனை முழுக்க நம் வீட்டு நடையில்தான். ஆனால் ஆனி, ஆடியில் சாரல் விடாமல் பெய்யும்போது இதைத் தெளிப்பது வீண், இலையில் தங்காது. அந்த மாசங்களில் நான் தண்ணீரோடு கலந்து வேரில்தான் விடுகிறேன். சமவெளி மாவட்டங்களில் எழுதிக்கொடுத்த அட்டவணையை இங்கே அப்படியே கடைப்பிடிக்க முடியாது. இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது.

இலைச்சுருட்டுப் புழுவுக்கு நான் பயந்த காலம் உண்டு. யூரியா போட்டுக் கருகருவென்று இருக்கும் வயலைத்தான் அது முதலில் தேடிப் போகிறது என்பதைப் பக்கத்து வயலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நம் வயல் இளம்பச்சையாக இருப்பதைப் பார்த்து, "பயிர் சீக்கு பிடிச்சி நிக்குதே" என்று போகிற வருகிறவர்கள் சொல்லுவார்கள். சொல்லட்டும். வயலில் ஆங்காங்கே கம்பு நட்டு வைத்தால் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும். புழு கூடிவிட்டால் முள் கிளையைக் கயிற்றில் கட்டிப் பயிர்மேல் இழுத்து மடிப்பைப் பிரித்துவிட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் அடிப்பேன். 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு இடிக்க வேண்டும். கை வலிக்கிற வேலைதான்.

தென்னையில் வேறு வகைச் சிக்கல், இதை யாரும் முன்கூட்டிச் சொல்லுவதில்லை. இயற்கை விவசாயி என்றால் எருக்குழி இல்லாமல் முடியாது. அந்த எருக்குழிதான் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. வெள்ளை வெள்ளையாகத் தடித்த புழுக்கள் அதில்தான் வளரும். வண்டாகிப் பறந்து போய்க் குருத்தைத் துளைக்கும். அதுவும் நம் மரத்தை மட்டுமா? மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தன் தென்னங்கன்றின் ஓலை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு விரிவதைக் காட்டி, "ஒனக்க சாணக்குழியாலதான்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. இப்போது குழியை நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டுக் கோழிகளைத் திறந்துவிடுகிறேன், பொறுக்கித் தின்றுவிடும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் கடைகளில் கிடைக்கிறது, அதையும் எருவில் கலந்துவிடலாம், ஈரம் இருக்க வேண்டும். கன்றுகளுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் போடுகிறேன். தேங்காய் வெட்ட ஆள் ஏறும்போதே இதையும் போடச் சொல்லிவிட்டால் தனிக் கூலி மிச்சம்.

சுருள் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் ஆனபோது ஊரே மருந்தடித்தது. 2016ல் பொள்ளாச்சியில் முதலில் கண்ட பூச்சி அது, பிறகு எல்லாத் தென்னைக்கும் வந்துவிட்டது. அதைத் தின்று அழிக்கிற என்கார்சியா என்ற சின்னக் குளவி தானாகவே பின்னால் வரும்; மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டியதும், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சியதும் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருப்பதும் ஒரு வேலைதான், ஆனால் அதைச் செய்ய வீட்டில் எல்லாரையும் சமாதானப்படுத்த வேண்டும். எங்கள் அத்தை ஒரு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மழைக்காலத்து ஆப்பிரிக்க நத்தைக்கு நனைந்த சாக்கும் பப்பாளி இலையும் போதும். ராத்திரி விரித்து வைத்தால் காலையில் அடியில் வந்து கூடியிருக்கும், பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். வெறுங்கையால் தொட வேண்டாம். மயிலுக்கு வழியே இல்லை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, விரட்டத்தான் முடியும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டினால் கொஞ்ச நாள் பயப்படும், அப்புறம் அதன்மேலேயே உட்காரும்.

சரி, மனுஷர்களுக்கு வருவோம்.

ஏலாவில் தண்ணீர் வயலிலிருந்து வயலுக்கு இறங்கும். எனக்கு மேலே இரண்டு பேர் வயல். அவர்கள் போடுகிற யூரியா கரைந்து என் வயலுக்குத்தான் வரும், அடிக்கிற மருந்தும் அப்படியே. இதைப் பற்றிப் பேசப் போனபோது மேல் வயல் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "எம்மா, ஒனக்க வயலுக்கும் சேத்து நாந்தானே உரம் போடுதேன், பாதிப் பணம் தா" என்றார். சண்டை போட்டிருந்தால் தண்ணீர் விஷயத்தில் எனக்குத்தான் நஷ்டம். அவர் மடையை அடைத்தால் நான் எங்கே போவேன்? கடைசியில் இரண்டு ஏற்பாடு செய்தோம். மேல் வரப்பை ஒட்டி என் வயலுக்குள்ளேயே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சாலடித்து, வருகிற தண்ணீரை அதன் வழியாகச் சுற்றிவிட்டேன். அதில் சேம்பு நட்டிருக்கிறேன், தண்ணீரில் வருவதில் ஒரு பங்கையாவது அது குடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அந்தச் சேம்பைச் சாப்பாட்டுக்கு எடுப்பதில்லை. அப்புறம், உரமோ மருந்தோ போடுகிற அன்று அண்ணாச்சி போன் பண்ணிச் சொல்லிவிடுவார், மூன்று நாலு நாள் நான் என் மடையை அடைத்துக்கொள்வேன். வருஷா வருஷம் கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் அவர் வீட்டுக்கு ஒரு மரக்கால் புது அரிசி போகும். இந்த ஏற்பாடு எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் இது இல்லாமல் ஏலாவில் இயற்கை விவசாயம் நடக்காது. வயல் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, "மேல் வயல் யாருக்கு, அவங்ககூடப் பேச்சு உண்டா?" என்பதுதான்.

களைதான் செலவைத் தின்கிறது. களைக்கொல்லி இல்லையென்றால் கைதான், கை என்றால் கூலிதான். இங்கே ஆண் ஆள் ரப்பர் பால் வெட்டவும், கேரளத்தில் கட்டட வேலைக்கும் போய்விடுவார்கள். அங்கே கிடைக்கிற சம்பளத்தை வைத்துத்தான் இங்கேயும் கூலி கேட்பார்கள், நியாயம்தான். களை பறிக்க வருகிற அக்காமாரில் பெரும்பாலோருக்கு அறுபது வயது தாண்டியாச்சு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் வயலில் இறங்கப் போவதில்லை. கயிறு பிடித்து வரிசை நடவு செய்தால் கோனோ வீடர் என்ற தள்ளுகிற களைக்கருவி ஓட்டலாம், முதல் களையை அதிலேயே தீர்த்துவிடலாம். ஆனால் கயிறு பிடித்து நடுவதற்கு நடவாட்கள் முகம் சுளிப்பார்கள், நேரம் அதிகம் ஆகும். நான் அதற்குத் தனியாக ஒரு தொகை கூட்டிக் கொடுக்கிறேன். நடவில் கொடுப்பது களையில் மிச்சம். நடவுக்குப் பிறகு முதல் சில வாரம் தண்ணீரை வற்றவிடாமல் மேலாக நிறுத்திப் பார்த்துக்கொள்ளுவதும் உதவும், பாதிக் களை முளைக்கவே முளைக்காது.

மகசூலை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. முதல் இரண்டு வருஷம் நெல் நன்றாகக் குறைந்தது. மூன்றாவது வருஷத்திலிருந்து ஏறி, இப்போது மேல் வயல் அண்ணாச்சி மூன்று மூட்டை எடுக்கும் இடத்தில் எனக்கு இரண்டேகால், நல்ல வருஷத்தில் இரண்டரை. அவர் போடுவது அம்பை 16 ரகம். நான் கும்பப்பூவுக்குக் கட்டிச்சம்பா போடுகிறேன். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ் 1 ரகத்துக்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் இந்தக் கட்டிச்சம்பாதான். உயரமாக வளருகிற பழைய ரகம். யூரியா போட்டால் கொழுத்துச் சாய்ந்துவிடும், அதனால்தான் ஊரில் கைவிட்டார்கள். கொஞ்சமாகச் சாப்பாடு கொடுக்கிற என் மண்ணில் அது நிமிர்ந்து நிற்கிறது. இயற்கை விவசாயத்துக்கு எந்த ரகம் என்று கேட்டால், அதிகம் கேட்காத ரகம் எதுவோ அது. வைக்கோல் நீளமாகக் கிடைக்கும், பசுவுக்கு வெளியில் வாங்க வேண்டாம்.

அறுத்த பிறகு மில். பெரிய மில்களில் ஒரு லோடு நெல் இல்லாமல் பேசவே மாட்டார்கள். சின்ன மில்லில் கொடுத்தால் முன்னால் ஓடிய யாரோ ஒருவருடைய வெள்ளை அரிசி நம் சிவப்பரிசியோடு கலந்து வரும். ஒரு மில்லில் என் நெல்லை வேறொருவர் நெல்லோடு கலந்துவிட்டு, "எல்லாம் நெல்தானம்மா" என்றார்கள். வீட்டில் அவித்துக் காயவைத்து, இன்னும் மூன்று நாலு பேர் நெல்லையும் சேர்த்து ஒரே நாளில், மில்காரரிடம் முன்னாலேயே சொல்லி, காலையில் முதல் ஆளாகப் போய் ஓட்டுவதுதான் இப்போது வழக்கம். முதலில் விழுகிற கொஞ்சம் அரிசியைக் கோழிக்கு ஒதுக்கிவிடுவோம். அரிசியாக்கி ரொம்ப நாள் வைக்க முடியாது, தவிடு ஒட்டியிருப்பதால் வண்டு சீக்கிரம் வரும். நெல்லாக வைத்து, மாசத் தேவைக்கு மட்டும் குத்தவும். நல்லவேளை, நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்பும் ரத்தத்தில் ஊறியது. சிவப்பரிசியை ஏன் சாப்பிட வேண்டும் என்று விளக்கிச் சொல்லுகிற வேலை இங்கே இல்லை.

வாழையில் கதை வேறு. மட்டி என்ற எங்கள் மாவட்டத்து வாழைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம்தான். ஆனால் குலையைக் கமிஷன் கடையில் இறக்கினால் அவர்கள் பார்ப்பது தோலை மட்டும்தான். தோலில் புள்ளி இருந்தால் ஒரு விலை, காய் கொஞ்சம் மெலிந்திருந்தால் இன்னும் குறைத்து ஒரு விலை. "இயற்கையில் விளைஞ்சது" என்று சொன்னால், "அதனாலதான் இப்படி இருக்கு போல" என்று ஒரு நக்கல். அதனால் கமிஷன் கடைக்கு ஏத்தன் (நேந்திரன்) மட்டும்தான் கொண்டுபோவது, அதுவும் ஓணத்தை ஒட்டி வெட்டு வருகிற மாதிரி. அப்போது யார் குலைக்கும் விலை உண்டு. ஏத்தனுக்குப் பத்து, பதினோரு மாசம் ஆகும், அப்படிக் கணக்குப் பார்த்துப் புரட்டாசி, ஐப்பசியில் கன்று வைக்க வேண்டும். அந்த மழையில் தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கிற முடிக்கொத்து நோய் கண்ட தோப்பிலிருந்து சும்மா கொடுத்தாலும் கன்று எடுக்காதீர்கள். நோய் வந்த வாழையைக் கிழங்கோடு தோண்டி எடுத்து அழிப்பதைத் தவிர அதற்கு மருந்தே இல்லை, ரசாயனத்திலும் இல்லை.

மட்டி முழுக்க நேரடி விற்பனைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கோயில் வாசலில் வைத்து விற்கத் தொடங்கினேன், பிறகு அவர்களே வாட்ஸ்அப்பில் சொல்லிவைக்க ஆரம்பித்தார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளில் மட்டியைத் தேடி வருவார்கள், குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழம் அதுதான். இவர்கள்தான் என் நிரந்தர வாடிக்கையாளர்கள், தோலைப் பார்ப்பதே இல்லை. இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. "உரமே போடலியே, அப்புறம் ஏன் விலை கூட?" என்று ஒருவர் கேட்டார். களை கூலியைச் சொன்னேன், நம்பவில்லை. இப்போதெல்லாம் விளக்குவதில்லை, வயலுக்கு ஒரு நாள் களை பறிக்க வாருங்கள் என்கிறேன். விலை வைப்பதில் எனக்கு ஒரு பழக்கம்: சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் வருஷம் முழுக்க ஒரே விலை. ஓணத்துக்கு நான் கூட்டுவதில்லை என்பது தெரிந்ததால், சந்தையில் விலை விழுகிற மாசங்களில் அவர்களும் என்னை விட்டுப் போவதில்லை.

சான்றிதழ் பற்றிக் கேட்பார்கள். ஏற்றுமதி என்று போனால்தான் மூன்றாம் தரப்புச் சான்று தேவைப்படும். தமிழ்நாட்டில் அதற்குக் கோவையில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே இருக்கிறது. ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருஷம், தென்னை போன்றவற்றுக்கு மூன்று வருஷம் ரசாயனத்திலிருந்து மாறுகிற காலம். என்னைப் போன்ற துண்டு நிலக்காரர்களுக்கு ஐந்து பேராவது சேர்ந்து குழுவாக வாங்குகிற பி.ஜி.எஸ். என்ற பங்கேற்புச் சான்று போதும். குழுவில் ஒருவர் நிலத்தை இன்னொருவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் ஏமாற்றினால் எல்லாருக்கும் கேடு. அதனால் சொந்தக்காரர் என்பதற்காக யாரையும் சேர்க்காதீர்கள். நாமே விளைத்து நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கு விற்கிறோம், வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் சான்று கட்டாயமில்லை என்று உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. எனக்கெல்லாம் 12 லட்சம் என்பது கனவில்தான் வரும். "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று வீட்டுக்கு வந்து முன்பணம் கேட்கிற இடைத்தரகர்களை உள்ளேயே விடாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா கொடுத்தார், அந்த ஆளின் போன் இன்றுவரை அணைத்துத்தான் இருக்கிறது.

இவ்வளவு பாடு பட்டு என்ன கிடைத்தது என்றால், முதலில் கடன் இல்லாமை. 2017 நவம்பர் 30ல் ஓகி வந்து ஒரே பகலில் மாவட்டத்து வாழையையும் ரப்பரையும் சாய்த்துவிட்டுப் போனது. புயலுக்கு இயற்கை வாழை, உர வாழை என்ற பேதம் கிடையாது, என் குலைகளும் முழுக்கத் தரையில்தான். ஆனால் உரக்கடையில் எனக்குப் பாக்கி இல்லை, நகை அடகில் இல்லை. போனது என் உழைப்பும் எருவும். விழுந்த தண்டையும் இலையையும் அங்கேயே மூடாக்காகப் போட்டுவிட்டு, கிழங்கிலிருந்து வந்த பக்கக் கன்றுகளை விட்டு அடுத்த வருஷம் வாழை எடுத்தேன். கடன் வாங்கிக் குத்தகைக்கு வாழை போட்டிருந்த என் கொழுந்தன் அதிலிருந்து மீள வருஷங்கள் ஆனது.

இன்னொன்று வயல் உயிரோடு இருப்பது. தொழி உழவு (சேற்றுழவு) ஓடும்போது கொக்குக் கூட்டம் எங்கள் வயலில்தான் இறங்கும், மண்புழுவுக்காக. வயல் வாய்க்காலில் கெளுத்தி ஏறுகிறது, மழை நாளில் பிள்ளைகள் தோர்த்துத் துண்டு விரித்துப் பிடிக்கிறார்கள். மழை ஒரு வாரம் தாமதித்தாலும் என் விளையில் மரச்சீனி வாடுவதில்லை, மூடாக்குக்குக் கீழே விரலை விட்டால் ஈரம் தெரியும். முன்பெல்லாம் மருந்தடித்த மறுநாள் என் வீட்டுக்காரருக்குக் கையெல்லாம் தடித்து அரிக்கும், அதுவும் நின்றது. அடிப்பதே இல்லையே, அப்புறம் எப்படி அரிக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லுவது இதுதான். எல்லா நிலத்தையும் ஒரே வருஷம் மாற்றாதீர்கள். விளையிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கே தண்ணீர்ச் சண்டை இல்லை. நெல் வயலைக் கடைசியாக மாற்றுங்கள், அதுவும் வீட்டில் வேறு ஒரு வருமானம் இருக்கும்போது. பசு வைக்க முடியாதென்றால் சாணம் யாரிடம் வாங்கப்போகிறீர்கள் என்று முதலில் பேசி முடியுங்கள். வேலியில் சீமைக்கொன்றை (கிளைரிசிடியா) நட்டுவிட்டால் தழைக்கு அலைய வேண்டாம். விற்கிற இடம் தெரியாமல் பயிர் வைக்காதீர்கள். குறைந்தது பத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டு அப்புறம் கன்று நடுங்கள்.

கட்டிச்சம்பா விதை வேண்டுமென்றால் ஆவணிக்குள் வந்து சொல்லுங்கள். விதைக்குக் காசு வாங்குவதில்லை. ஒரு கிலோ கொண்டுபோனால் அறுப்பு முடிந்து இரண்டு கிலோ திருப்பித் தர வேண்டும், பதர் போகத் தூற்றி, நன்றாகக் காயவைத்து. ஈரத்தோடு கொண்டுவந்தால் நான் வாங்கமாட்டேன்.